நீங்கள் கை வைத்துக் காட்டிய உயரம்

திகனையில் மகள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு இன்று எண்ணெய்ப் பெயின்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து வீடெல்லாம் அந்த வாசம்தான். மகள் மூக்கைப் பொத்தியபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு எழும்பிப் போக அலுப்பாக இருந்தது. கதிரையில் உட்கார்ந்தபடியே உங்களை நினைத்துக்கொண்டேன். அத்தர் வாசத்தில் புருஷனை நினைக்கும் பெண்கள் இருப்பார்கள். எனக்கு வாய்த்தது பெயின்ட் வாசம்.

அக்குறணையில் நம் லேனில் எல்லா வீட்டுச் சுவரும் கீழ்ப்பாதி சேறு மாதிரிக் கபில நிறம், மேல்பாதி வெள்ளை. வெளியாள் பார்த்தால் அது ஏதோ அழகுக்குச் செய்தது என்று நினைப்பான். பக்கத்தில் ஓடும் ஓயா பெருகி வீட்டுக்குள் வந்து போனால் சுவரில் ஒரு கோடு நின்றுவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கோடு. அதை மறைக்கத்தான் கபில நிறம். அதையும் சும்மா அடிக்க மாட்டார்கள். மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டும், அல்லது வீட்டை வாங்க ஆள் வர வேண்டும். "சுவருக்கு இடுப்புல சாரம் உடுத்தாட்டுறாங்க, யாரோ வாறாங்க போல" என்று சிரிப்பீர்கள். நம் வீட்டுச் சுவருக்கு மட்டும் அந்தச் சாரம் கிடைக்கவே இல்லை.

எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன். ஒரு டின் பெயின்ட் வாங்க உங்களுக்குக் கை வராது, ஆனால் தண்ணீருக்குப் பயந்து மற்ற எல்லாம் செய்வீர்கள். பிளக் பொயின்டுகளை எல்லாம் நெஞ்சுக்கு மேலே ஏற்றினீர்கள். ஃபிரிட்ஜுக்கு சீமெந்தில் மேடை கட்டினீர்கள். கூரைக்கு அடியில் பலகை அடித்து ஒரு மேல்தட்டு செய்து, அதற்கு ஓர் ஏணியும் வைத்தீர்கள். மேல்மாடி கட்டத்தான் ஆசை. ஆனால் அதற்கென்று சேர்த்ததையெல்லாம் ஒவ்வொரு வெள்ளமும் வந்து வாங்கிக்கொண்டு போனது. மெத்தை, அலுமாரி, மோட்டர் என்று திரும்பத் திரும்ப ஒரே சாமான்களை வாங்கியே நமக்கு வயது போய்விட்டது. இன்சூரன்ஸ்காரர் ஒருவர் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? விலாசத்தைக் கேட்டார், தேத்தண்ணீரைக் குடித்தார், போனார். பிறகு ஆளையே காணவில்லை.

கடையும் அப்படித்தான். வாப்பா காலத்துத் துணிக்கடையை மூடிவிட்டு பீங்கான் கடை போட்டீர்கள். ஊரே உங்களுக்கு மூளை பிசகிவிட்டது என்றது. "துணி நனஞ்சா ரோட்டுல குவிச்சி பாதி வெலைக்கு விக்கணும். பீங்கான கழுவினா முழு வெல" என்றீர்கள். சரிதான். ஆனால் பெருநாளுக்குப் பெருநாள் துணி வாங்கும் சனம் பெருநாளுக்குப் பெருநாள் கோப்பை வாங்குமா? வருமானம் சுருங்கியது. நஷ்டம் வராத கடையாக இருந்தது, லாபமும் வராத கடையாக இருந்தது.

அடுத்த வீட்டு ஹாஜியார் முற்றத்துக்கு மண் போட்டு உயர்த்தி, சுற்றி மதிலும் கட்டினார். அந்த வருடம் அவர் முற்றத்தில் நிற்க வேண்டிய தண்ணீரும் சேர்ந்து நம் குசினி அடுப்பு வரைக்கும் வந்தது. போய்க் கேளுங்கள் என்று உங்களைத் தள்ளாத குறையாகத் தள்ளினேன். "அவரு அவர்ட ஊட்ட காப்பாத்திக்கிட்டாரு. நமக்கு ஏலுமாயிருந்தா நாமளும் அதத்தான் செஞ்சிருப்போம்" என்று சொல்லிவிட்டு சேற்றை வாரப் போனீர்கள். உங்களோடு கோபித்துக்கொள்ளக்கூட முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

நம் பக்கத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள். நம் மகள் ஷிரீனைப் பார்க்க முதல் மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள் நான் விடியுமுன்னே எழும்பிவிட்டேன். வட்டிலப்பம் வைத்து, புது மேசை விரிப்புப் போட்டு, சுவரில் கோடு இருந்த இடத்தில் முதுகு உயர்ந்த கதிரைகளைச் சார்த்தி வைத்து, நான் பட்ட பாடு. மாப்பிள்ளையின் வாப்பா சும்மா மரியாதைக்கு, "ஊடு நல்லா விசாலமா ஈக்கிது" என்றார். நீங்கள் உடனே எழும்பினீர்கள். கதிரையை நகர்த்தினீர்கள். சுவரில் நெஞ்சு மட்டத்தில் உள்ளங்கையை வைத்தீர்கள்.

"இந்த மட்டத்துக்குத் தண்ணி வரும். மறைச்சிக் குடுக்க ஏலா."

அவர்கள் வட்டிலப்பத்தை முடித்துவிட்டுத்தான் போனார்கள். பதில் மட்டும் வரவில்லை. நான் கோப்பைகளைச் சத்தம் வரக் கழுவினேன். மகள் அறைக்குள்ளே அழுதாள். நீங்கள் மேசை விரிப்பை மடித்துக்கொண்டே, "நம்மட மகள்தான் இதுல இரிக்கப் போறா. ஆனா கடனப்பட்டு சாமான் வாங்கி வைக்கிறது அந்தப் பொடியன்" என்றீர்கள். சரியோ பிழையோ, அதைக் கேட்டுவிட்டு நான் சோற்றை மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் திகனைக்காரர்கள். அவர்களுக்கும் அதே கை, அதே சுவர். மாப்பிள்ளையின் உம்மா கொஞ்ச நேரம் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஊடு உங்களுக்கே இரிக்கட்டும். எங்கட ஊடு மேட்டுலதான் ஈக்கிது. புள்ளய மட்டும் தாங்க" என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நீங்கள் அழுததை நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்கள். பார்த்தேன்.

கதை லேன் முழுக்கப் பரவியது. ஹாஜியாருக்கும் கட்டிக் கொடுக்க குமர்ப்பிள்ளைகள் இருந்தார்கள். வாசலில் நின்று சத்தம் போட்டார். "ஒங்கட வாயால இந்த லேன்ல ஒரு ஊட்டுக்கும் வெல இல்லாமப் போச்சி." அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஒரு வீட்டில் தண்ணீர் வருகிறது என்றால் அடுத்த வீட்டில் வராதா? நீங்கள் நம் வீட்டைப் பற்றித்தான் பேசினீர்கள், விலை குறைந்தது எல்லாருக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து நமக்கு நோன்புக் கஞ்சி வருவது நின்றது.

நெஞ்சு நோகிறது என்று ஒரு காலையில் சொன்னீர்கள். கண்டிக்குக் கொண்டுபோகும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வாகன நெரிசலில், என் மடியிலேயே போய்விட்டீர்கள். கீழே ஆறு அன்றைக்கு எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் இத்தாவில் இருந்தபோதே தண்ணீர் வந்தது. கணவன் மவுத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று வெள்ளத்துக்கு யார் சொல்வது? ஓயா வரும் வழியில், மேலே அலவத்துகொடப் பக்கம் பெரிய மழை என்று சொன்னார்கள். அப்படி என்றால் கொஞ்ச நேரத்தில் நமக்கு. நீங்கள் இருந்தால் இரண்டு பேரும் தூக்கியிருப்போம். அரிசி டின்னை மேல்தட்டுக்கு ஏற்றினேன். பிறகு ஏணியில் பாதியில் நின்றுவிட்டேன். கணுக்காலுக்குத் தண்ணீர் வந்தபோது மதிலுக்கு மேலால் ஹாஜியாரின் மனைவி கூப்பிட்டார்.

"இத்தாவ பொறகு பாப்போம் மதினி. இப்ப மேல வாங்க."

அவர்கள் மாடியில் இருந்துதான் நம் வீட்டைப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் மேடையை விட்டு மிதந்து வந்து வாசல் நிலையில் முட்டிக்கொண்டு நின்றது. நீங்கள் நெஞ்சு மட்டம் என்றீர்கள். அன்றைக்கு அதற்கும் மேலே. நீங்கள் அளந்து வைத்துவிட்டுப் போன உயரமும் இப்போது செல்லாது.

சேற்றை வார ஊரார் வந்தார்கள். நல்ல சனம். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. திரும்ப ஒரு மெத்தை, திரும்ப ஒரு அலுமாரி என்று நினைத்தாலே உடம்பு கனத்தது. விற்றுவிட்டு வாங்க உம்மா என்று மகள் சொன்னாள். சரி என்றேன். ஹாஜியார்தான் முன்னால் நின்று எல்லாம் பார்த்தார். பெயின்ட் டின்னோடு ஆளையும் அனுப்பினார். "மவுத்தான நானாட நேர்மை நானாவோட போகட்டும். நீங்க கேட்டா மட்டும் சொல்லுங்க, கேக்காட்டி பேசாம இரிங்க" என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டுமே. கபிலச் சாரம் நம் சுவருக்கும் வந்தது.

வீடு பார்க்க வந்தவர்கள் சின்ன வயதுத் தம்பதி. அவர் கண்டி மாநகர சபையில் கிளார்க். அவளுக்குச் சொந்த ஊர் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டம். இடுப்பில் கைப்பிள்ளை. "வீடு நல்லா இருக்குங்க" என்று வீடெல்லாம் சுற்றிப் பார்த்தாள், குசினி ஜன்னலைத் திறந்து மூடினாள், பிள்ளைக்குத் தொட்டில் கட்ட உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஹாஜியார் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் மறு மாதம் நான் திகனையில் இருப்பேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை சுவரில் கையை வைத்துத் தட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய் உள்ளங்கையை வைத்தேன்.

"மகள், இந்த மட்டத்துக்குத் தண்ணி வரும். போன தரம் இதுக்கும் மேல."

பெயின்ட் முழுக்கக் காயவில்லை. கையெல்லாம் கபிலம். ஹாஜியார் இருமினார். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழும்பிப் போவார்கள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுங்கம்மா" என்றாள் அவள். "பிளக்கெல்லாம் இம்புட்டு ஒசரத்துல வச்சிருக்கீங்களே, அதப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. தண்ணி வராத எடத்துல எல்லாம் எங்களால வெலையே கேக்க முடியலம்மா."

அவள் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "தோட்டத்துல எங்க லயத்து வீடுங்க மேல மலையிலருந்து மண்ணு எறங்கிருச்சு. பக்கத்துக் காம்பரால இருந்தவங்க யாரும் வெளிய வரல. இங்கன்னா தண்ணி ஏறுறதப் பாத்துக்கிட்டு மேல போயிரலாமில்ல?"

போயிரலாம் மகள் என்றேன். விலையில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தேன். ஏணியை ஆட்டிப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்றேன். எழுத்து வேலை முடிந்த அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். வெள்ளம் வரும் வீட்டைக் கொடுத்ததற்கு ஒருத்தி எனக்கு நன்றி சொல்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யாரோடு கோபிப்பது என்று இன்னும் விளங்கவில்லை.

உங்களோடுதான் கோபித்துக்கொள்கிறேன், நீங்கள்தானே பதில் பேச மாட்டீர்கள். உண்மையைச் சொன்னால் ஆள் தப்பித்துப் போய்விடும் என்பதுதான் உங்களுக்குத் தெரிந்த உலகம். நீங்கள் சொன்னீர்கள், வந்தவர்கள் போனார்கள், உங்களுக்கு மனம் ஆறியது. நானும் சொன்னேன். சொல்லியும் போக இடமில்லாத ஆளிடம் பிறகு என்ன செய்வது? அந்த இடத்தில் நீங்கள் நின்றதே இல்லை. நான் தனியாக நின்றேன்.

போன வாரம் மத்தியானம் இங்கே மழை பிடித்தது. மகள் ஜன்னலைச் சாத்திவிட்டு உடுப்பு மடித்தாள். இந்த வீட்டில் மழை என்றால் அவ்வளவுதான் வேலை. நான் போனை எடுத்து நம் வீட்டை வாங்கியவளைக் கூப்பிட்டேன்.

"தண்ணி வாசல் கேட்டுக்கு வந்துருச்சும்மா. இவரு வேலைக்குப் போயிட்டாரு."

"புள்ள எங்க?"

"ஹாஜியார் வீட்டு மாடியில விட்டுட்டேன். சாமானத்தான் ஏத்திக்கிட்டு இருக்கேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நீங்க கட் பண்ணிறாதீங்கம்மா. சும்மா லைன்ல இருங்க, அது போதும்."

"இல்ல மகள், கட் பண்ணல்ல."

அவள் போனை எங்கேயோ மேலே வைத்துவிட்டாள். ஏதோ இழுபடும் சத்தம், ஏணி முனகும் சத்தம், பிறகு கால்கள் தண்ணீருக்குள் நடக்கும் சத்தம். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மகள் வந்து யார் உம்மா என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன், திகனையில் காய்ந்த தரையில், இரண்டு காலையும் தூக்கிக் கதிரைக்கு மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.