எந்தச் செல்லசாமி?

6.3.1954
பன்னிரண்டாம் தேதி ஹட்டனில் அக்கா புருஷன் நல்லமுத்து மச்சானின் இலங்கைப் பிரஜா உரிமை விசாரணை. சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். வேறு யார் இருக்கிறார்கள்? நான் வாய் திறந்தால் தேயிலைத் தோட்டத்துத் துரையே சுருட்டை அணைத்துவிட்டுக் கேட்பார். ஏழாம் வகுப்பு படித்தவன்.

'நாலாம் வகுப்பு' என்றான் எனக்கு உள்ளே இருக்கிறவன். எப்போதும் இப்படித்தான். ஈரக் கொழுந்துக்கு எடையில் ராத்தல் கழிக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி, நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிடுவான்.

11.3
அக்கா பேச்சியம்மா வேட்டி துவைத்துக் கொடுத்தாள். "தம்பி, இவரு தோட்டத்த விட்டு எங்கயும் போகலைன்னு சொல்லு. அது போதும்."

அவ்வளவுதானா? அதற்கு நான் எதற்கு?

12.3
குடி கெட்டது.

அதிகாரி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கவில்லை. "மச்சான் லேசுப்பட்ட ஆளில்லைங்க. யுத்த காலத்துல நானும் அவரும் இந்தியாவுக்கு, ஊருக்குப் போயி, பதினாலு மாசம் தங்கி, கோயிலுக்குக் கும்பாபிஷேகம் பண்ணிட்டுல்ல வந்தோம்!" 'நிறுத்துடா' என்று உள்ளே கத்தினான். அப்போதுதான் அதிகாரி பேனாவை எடுத்தார். சந்தோஷத்தில் ஒரு தேரையும் சேர்த்துவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் பிரஜா உரிமை கிடையாதாம்.

"நான் எப்ப மாப்ளே ஊருக்குப் போனேன்?" வெளியே வந்து மச்சான் கேட்டார்.

நானே எப்போ போனேன்? அந்தப் பதினாலு மாசமும் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். ஊரிலிருந்து வருகிறேன் என்றேன், தோட்டமே நம்பியது. உள்ளே இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

15.3
யாருக்கும் சொல்லாமல் அந்த அதிகாரியின் கந்தோருக்குப் போனேன். எல்லாம் பொய் என்றேன். கோப்பை கழுவியதைக்கூடச் சொன்னேன். முதல் தடவையாக உள்ளே இருக்கிறவனைப் பேச விட்டேன்.

கிளாக்கர் சிரித்தார். "சத்தியம் பண்ணிச் சொன்ன செல்லசாமி ஒருத்தன். இன்னைக்கு வந்து நிக்கிற செல்லசாமி ஒருத்தன். நாங்க எந்தச் செல்லசாமிய நம்புறது?"

எனக்கே தெரியலையே, சாமி.

2.6
மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

13.6
மச்சான் என்னோடு பேசுவதில்லை. அக்கா வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன் — திட்டியிருக்கலாம்.

"எங்கள இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களாமே தம்பி. இந்த லயத்து வீட்டத் தவிர நாங்க என்னத்தக் கண்டோம்? நீதான் போயி இருந்துட்டு வந்தவன். ஊரு எப்படிப்பா இருக்கும்?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆத்தோரமா நம்ம வீடுக்கா" என்றேன்.

'கிணறு இருக்குன்னு சொல்லுடா' என்றான் உள்ளே இருக்கிறவன். 'தண்ணி இனிக்கும்னு சொல்லு.'