ராக்கெட்டில் போன சிட்டிகை

ஆனி 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ராகி மாவில் வண்டு, சலித்தேன்.
மூத்தவன் முரளி அமெரிக்காவிலிருந்து போன். (இனி மு. போதும். முழுப் பெயர் எழுத இப்போது மனசில்லை.) அவன் அப்பா அஸ்தியில் ஒரு சிட்டிகை எடுத்து வைத்திருந்தானாம். அங்கே ஒரு கம்பெனி செத்தவர்கள் சாம்பலை ராக்கெட்டில் ஏற்றி, பூமியைச் சுற்றவிட்டு, திருப்பிக் கொண்டுவந்து கொடுக்குமாம். புதன்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்புகிறதாம்.
"சொன்னா வேண்டாம்பீங்க, அதான் சொல்லலைம்மா."
எப்போது எடுத்தான் என்று எனக்குத் தெரியும். பதினோரு மாசத்துக்கு முன்னால், ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரிச் சங்கமம். ஐயர் மந்திரம் சொல்லும்போது முதுகைக் காட்டி நின்றான். நீலக் கைக்குட்டை. மூக்கு சிந்துகிறான் என்று நினைத்தேன். அஸ்திச் சட்டியை ஆற்றில் கவிழ்த்ததும் அவன்தான். "எல்லாம் போச்சா?" என்றார் ஐயர். "போச்சு" என்றான். இன்னும் காதில் இருக்கிறது.

ஆனி 10, செவ்வாய்
சரியாகத் தூங்கவில்லை. மாடிவீட்டு நாகரத்னா வந்தாள். கன்னடக்காரி, எனக்காக அரைத் தமிழ் பேசுவாள்; பாட்டி மட்டும் அஜ்ஜிதான். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு.
"ஏன் அஜ்ஜி, உங்க யஜமானரு ராக்கெட்ல போறாரா? நம்ம யஜமானரு என்னை பக்கத்துல இருக்கிற மண்டியாவுக்கே கூட்டிட்டுப் போகல!"
நானும் சிரித்துவிட்டேன். அதற்காக மத்தியானம் முழுக்க அவள் மேல் கோபம்.
ராக்கெட் எனக்குப் புதிதா? அவருக்கு அதுதானே பைத்தியம்.
— ரஷ்யாக்காரன் நாயை அனுப்பினான். அப்போது கௌதள்ளி கிராமத்தில் அப்பா வீட்டில் இருந்தேன், எனக்கு ஒன்பது வயசு. நாயைத் திரும்பக் கூட்டிவரவில்லை. இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.
— நிலாவில் ஆள் நடந்தான். "மிதிச்சதுக்கு என்ன கும்பிடு" என்று மாமியார் மூன்றாம்பிறை பார்ப்பதை நிறுத்தினாள். அந்த வருஷம் சோளம் காய்ந்ததற்கும் அவன்தான் காரணமாம்.
— நம்முடைய ராக்கெட் ஒன்று கடலில் விழுந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. என் அப்பா செத்த அன்று சாப்பிட்டார்.
— நம்முடையது நிலாவில் இறங்கியது. தெருவெல்லாம் லட்டு. முட்டிவலியை மறந்து டிவி முன்னால் எழுந்து நின்று கைதட்டினார்.
அதெல்லாம் சர்க்கார் விட்டது. இப்போது கம்பெனிக்காரன் விடுகிறான், பஸ் மேலே பார்சல் ஏற்றுகிற மாதிரி. யார் சாமானும் ஏறும்.

ஆனி 11, புதன்
ஐயருக்குப் போன். அடுத்த மாசம் வருஷத் திதி. செய்யலாமா?
"முழுசும் தண்ணியில சேரலைன்னா எப்படீம்மா... கேட்டுச் சொல்றேன்."
யாரைக் கேட்பார்? இவருக்கே தெரியவில்லை.
எனக்கு இது ஒன்றுதான் பயம். பாதி இங்கே, பாதி எங்கேயோ என்று அவர் நிற்கக்கூடாது. திதி குறையில்லாமல் நடக்கவேண்டும்.
மு.வைக் கேட்டேன்: திரும்பி வந்ததும் ஆற்றில் விடுவாயா?
"ஷோகேஸ்ல வைப்பேன்மா. அப்பா ஆசைம்மா இது. ஒரு தடவை மேலே போய்ப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பார்."
யாரிடம் சொன்னார்? ஐம்பத்தாறு வருஷம். என்னிடம் ஊட்டிக்குப் போகவேண்டும் என்றுகூடச் சொன்னதில்லை.
சாயங்காலம் நாகரத்னா செல்லில் காட்டினாள். நெருப்பு, புகை. அவ்வளவுதான், போய்விட்டார். கை தானாகக் கும்பிட்டது.

ஆனி 12, வியாழன்
வெயில். துணியெல்லாம் காய்ந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாம். அப்படியானால் மைசூர் மேலேயும் வரவேண்டாமா? மொட்டைமாடியில் போய் நின்றேன். காக்காய் இரண்டு. தலை வலித்ததும் இறங்கிவிட்டேன். நாகரத்னா கேட்டதற்கு வற்றல் பார்க்கப் போனேன் என்றேன். வற்றலே போடவில்லை.
நாளைக்கு வந்து இறங்கியதும் மு.வுக்குச் சொல்லவேண்டியது:
1. என்னைக் கேட்காமல் எடுத்தது திருட்டு.
2. ஐயரிடம் பொய்.
3. அப்பா ஆசையை எனக்குச் சொல்லாமல் இருந்தது.
மூன்றாவதை முதலில் சொல்லவேண்டும்.
நோட்டு மேசை மேலேயே கிடக்கட்டும். பிள்ளைகள் கன்னடம் படித்தவர்கள். இந்த வீட்டுக்கு வருகிற யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

ஆனி 13, வெள்ளி
சாயங்காலம் ஆறரைக்கு மு. போன். அங்கே விடிகிற நேரம். அழுகிறான். இறங்கும்போது பாராசூட் குடை விரியவில்லையாம். கடலில் விழுந்து மூழ்கிவிட்டதாம். எடுக்க முடியாதாம். கம்பெனிக்காரன் இரண்டு வரி எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.
"அப்பாவைத் தொலைச்சிட்டேன்மா."
ஆற்றங்கரையில் ஒரு சொட்டு அழாதவன். நேற்று எழுதியது மூன்றும் நாக்கு நுனியில்.
"தண்ணியிலதானே விழுந்துச்சு?"
"ஆமாம்மா."
"அப்போ சேர்ந்தாச்சு. குளிச்சியா?"
"என்னது?"
"கரைச்சா குளிக்கணும். போ கண்ணு, தலைக்கு ஊத்திக்க. போனை வைக்காதே, நான் இருக்கேன்."
எங்கேயோ வைத்துவிட்டுப் போனான். கதவுச் சத்தம். அப்புறம் அவன் தலையில் தண்ணீர் விழுகிற சத்தம். காதிலிருந்து எடுக்கவில்லை.