முன்வரிசை நாற்காலி

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பார்கள். நானும் பாப்பாவும் நலம். சமையலில்தான் உப்பு ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய.

நேற்று எங்கள் அருங்காட்சியக மாளிகையில் பிரெஞ்சு முறைக் கிறிஸ்துமஸ். குடும்பம் குடும்பமாக ஜனம். பிள்ளைகள் ஷூவைக் கழற்றிக் கணப்பு அடுப்பின் முன்னால் வரிசையாக வைத்தார்கள். அதில் பரிசு விழுமாம், பிரெஞ்சு வழக்கம். பிறகு அந்தப் பழைய பியானோவில் பிரெஞ்சுப் பாட்டு. வாசித்தது யார் தெரியுமா? நம் பாப்பா!

பதினொரு வருடமாக அந்தப் பியானோவுக்குக் காவல் நான். அதைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி அவள் கையை நீட்டியதும் என் வாய் சும்மா இருக்குமா? "அதைத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். "அப்பா, நான்தான்ப்பா," என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் அசரவில்லை. நாலு பாட்டு, ஒரு பிசிறு இல்லை. பொறுப்பாளர் வந்து, "உங்க பொண்ணா?" என்றார். "அவங்க அம்மா பொண்ணு சார்," என்றேன்.

நீ அவளை வகுப்பில் சேர்த்த அன்று, 'வாட்ச்மேன் பொண்ணுக்குப் பியானோ ஒரு கேடா' என்று கேட்டவன் யாரென்று நீ மறந்திருக்க மாட்டாய். நான்தான் நேற்று அதை மறந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

முன்வரிசையில் ஒரு நாற்காலியில் என் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் "ஆள் வராங்க" என்றேன். கடைசிப் பாட்டு முடிகிறவரை அதையே சொன்னேன்.

அடுத்த வருடமும் அவள்தான் வாசிக்க வேண்டுமாம். கைக்குட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா