நான் வாய் மூடியிருந்த முந்நூறு வாக்கியங்கள்

இன்று காலை சபைக்குக் கிளம்ப அலமாரியைத் திறந்து சேலையை உருவினேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. உடனே உன் வீட்டுத் துணி அறைக்குள் போய்விட்டேன். நீயும் நானும் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறோம், சுற்றிலும் உன் அம்மாவின் சேலைகள், நடுவில் ஸ்டூல்மேல் உன் கைபேசி. மார்த்தாண்டம் வழியாகப் போகிற லாரியெல்லாம் உன் வாசலுக்கு வந்துதான் ஹாரன் அடிக்கும் என்பதால், அந்த வீட்டில் சத்தம் குறைந்த இடம் அது ஒன்றுதான். ஆராதனைக்கு நேரமாகிறது என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். கூப்பிடட்டும் என்று நின்றேன்.

பிறவியிலேயே வந்த மூளைவாதம் உன் கைகால்களை இழுத்ததுபோல நாக்கையும் இழுத்தது. உன் நினைப்பில் ஒரு குழப்பமும் கிடையாது. வெளியே வரும்போது மட்டும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், எனக்குப் புரிந்தது. எப்படி என்று கேட்டால் தெரியாது. டீச்சர் கேட்பார், நீ பதில் சொல்வாய், நான் எழுந்து அதைத் திரும்பச் சொல்வேன். பிறகு கடையில், ஆஸ்பத்திரியில், போதகரிடம் எல்லா இடத்திலும் அதே வழக்கம். நாற்பது வருடம். எனக்கு அதில் பெருமை வேறு.

உன் அம்மா இறந்த பிறகுதான் அந்தப் பெருமைக்கு ஓர் அடி விழுந்தது. உன் அண்ணன் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு வந்து வீட்டைப் பூட்டிவிட்டு, உன்னைத் திருவனந்தபுரம் பக்கம் ஒரு விடுதியில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். நீ முடியாது என்றாய். வழக்கம்போல நான் அதை எடுத்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தப்பா நினைக்காத பிள்ளே. இது அவ சொல்லுகதா, நீ சொல்லுகதா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரையும் குறை சொல்ல முடியாது. சின்ன வயதிலேயே கடல் தாண்டிப் போன மனிதர், உன் பேச்சு அவருக்குப் பிடிபடவே இல்லை. நடுவில் நின்ற என்னை நம்பித்தான் ஆகவேண்டும், அல்லது நம்பாமல் இருக்கவேண்டும்.

அந்த மாதம்தான் சபை மண்டபத்தில் நடந்த முகாமுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். உன் கைபேசியில் ஒரு செயலியை ஏற்றித் தந்தாள். திரையில் வரும் முந்நூறு வாக்கியங்களை உன் குரலில் பதிந்து கொடுத்தால், நீ பேசுவதை அது கேட்டு எழுத்தாக்கும். 'மின்விசிறியை இயக்கவும்' என்று முதல் வாக்கியம் வந்ததும் நீ முகம் சுளித்தாய்.

"எந்த வீட்டில இப்படிப் பேசுகாவ? ஃபேனைப் போடுட்டின்னு மாத்தச் சொல்லு."

மாற்றச் சொன்னோம். பத்து நாளில் முந்நூறும் முடிந்தது. சோதித்துப் பார்த்தோம். நீ பேசினால் கன்னாபின்னாவென்று எழுதியது. "என்னட்டி எழுதியிருக்கு?" என்று நான் கேட்டதை மட்டும் அச்சடித்தாற்போல எழுதியது. பயிற்சிப் பெண் பதிவுகளைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, எல்லாத்திலயும் ரெண்டு குரல் கேக்குது. இந்த ரெண்டாவது குரல் யாருக்கது?"

வேறு யாருடையது? என்னுடையதுதான். நீ ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லி முடித்ததும், பழக்க தோஷத்தில் நான் அதைத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். முந்நூறு தடவை. எனக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கருப்பட்டி டப்பாவோடு துணி அறையில் காத்திருந்தாய். ஆடுகிற கையால் ஒரு துண்டை எடுத்து என் வாயில் திணிக்கப் பார்த்தாய். முதலில் கன்னத்தில் இடித்தது, பிறகு மூக்கில், மூன்றாவது தடவை சரியாகப் போனது.

"இது கரையது வர மிண்டப்பிடாது, வாயத் தொறக்கப்பிடாது."

"எனக்குச் சுகர் உண்டுட்டி."

"ஒரு மாசத்தில சாவ மாட்ட."

அப்படியே மறுபடியும் முந்நூறு. வாயில் இனிப்போடு உன் எதிரே உட்கார்ந்து கேட்டேன். அடுத்து என்ன வருமென்று முந்தாமல், முடிக்காமல், நீ சொல்லி நிறுத்துகிறவரை அதற்கு முன் நான் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அண்ணன் கூப்பிட்டார். என் கைபேசியில் அவர். உன் கைபேசி எழுதுவதை அவருக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு என் வாயில் இரண்டு துண்டு. நீ பேசினாய், எழுத்து ஓடியது.

'அண்ணா எனக்கு உன்மேல கோவம் உண்டு.'

இது எனக்குப் புதிதல்ல. அவர் கூப்பிட்டபோதெல்லாம் நீ சொன்னதுதான். நான்தான் ஒவ்வொரு முறையும் "சுகமா இருக்கியளான்னு கேக்கா" என்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

'நீ போன பிறவு எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. அம்மாட்ட கேட்ட. இவகிட்ட கேட்ட.' ஒரு சொல் தப்பாக விழுந்தது, நீ திரும்பச் சொன்னாய், சரியானது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒனக்கு என்ன வேணும் மோளே?"

'எனக்க வீடு. இந்தச் சுவரெல்லாம் எனக்க கை அறியும்.'

"விழுந்துட்டா?"

'விழுந்தா எழும்புவேன். பகல் ஒரு ஆளு வரட்டு. ஆள நான் பாத்து எடுப்பேன். இவ வேண்டாம். இவ நல்லவ. ஆனா ஒரு நாளும் என்ன முழுசா பேச விட்டதில்ல.'

வாயில் கருப்பட்டி. இரண்டு கைபேசியையும் எதிரெதிரே சாய்த்து வைத்தேன். அடுக்களைக்குப் போய் அழுதேன். உண்மை என்பதால் கூடுதலாக அழுதேன். திரும்பி வந்தபோது அண்ணன் சரி என்று சொல்லியிருந்தார், நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாலு வருடம் அந்த வீட்டில் ராணிபோல இருந்தாய். மீன்காரரிடம் நீயே பேரம் பேசினாய். பிரசங்கம் நீளம் என்று போதகரிடமே கைபேசியில் காட்டினாய். போன மழைக்காலக் காய்ச்சலில், உன் கட்டிலிலேயே போனாய்.

அடக்க ஆராதனைக்கு முன்னால் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "பாவம், கோவம்னா என்னன்னே அறியாத பிள்ளை" என்றாள் ஒருத்தி. எல்லாரும் தலையாட்டினார்கள். எப்படித் தெரியும் அவர்களுக்கு? நாற்பது வருடம் அவர்கள் கேட்டது என் வாயைத்தானே. நான் எழுந்து நின்றேன்.

"இல்ல. அவளுக்கு நல்ல கோவம் உண்டு. நான்தான் உங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தேன்."

பெட்டியின் தலைமாட்டில் நின்ற உன் அண்ணன் அழுகையோடு சிரித்துவிட்டார். இப்போது உன்னைப் பற்றி யார் கேட்டாலும், முதலில் அந்தக் கோபத்தைத்தான் சொல்கிறேன்.