அகர வரிசையில் முதல் பெயர்

அன்புள்ள அப்பா,

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை, அம்மாவுடன் இரண்டு நாள் ஆலோசித்த பிறகு, என் வாட்ஸ்அப் முகப்புப் படமாக இருந்த மஞ்சள் ரோஜாவை எடுத்துவிட்டு என் முகத்தை வைத்தேன். நம் வீட்டில் இதற்கு முன் இவ்வளவு பெரிய முடிவு எடுக்கப்பட்டது நீங்கள் எனக்குப் பெயர் வைத்தபோதுதான்.

காரணத்தைச் சொன்னால் பயப்படுவீர்கள். நூலகர்கள் சங்கத்தில் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன். முகம் தெரியாதவர்களை அவர்கள் குழுவில் வைத்துக்கொள்வதில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். "சங்கமா? ஏன்டி, ஒங்கப்பா பட்டது பத்தாதா?"

நீங்கள் பட்டது எனக்கும் தெரியும். அந்தத் தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்தபோது, மின்விசிறி கேட்டு எல்லோரும் சேர்ந்து மனு எழுதினீர்கள். முதல் கையெழுத்து உங்களுடையது. மின்விசிறி நூலகத்துக்கு வந்தது. நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அப்புறம் அரிசி ஆலையில் சாக்கு தைத்த காலத்தில் ஒரு நாள் சொன்னீர்கள்: "பாப்பா, கையெழுத்துப் போடுறதா இருந்தா நடுவுல போடு. மேலயும் கண்ணு போவும், கீழயும் கண்ணு போவும். நடுவுல எவனும் பாக்க மாட்டான்."

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. நான் நூலக அறிவியல் கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டேன். தஞ்சாவூரில் வேறொரு கல்லூரியில் பயிற்சி. அவர்கள் சான்றிதழ் கொடுத்தால்தான் எனக்குப் பட்டம். அங்கே நூலகர் கலைவாணி மேடம். நல்லவர். என்னைச் சங்கத்தில் சேர்த்ததும் அவர்தான்.

ஆனால் நூலகம்தான் பூட்டிக் கிடக்கிறது. மாணவர் சேர்க்கை நேரமாம். ஆள் பிடிக்க எங்களை ஊர் ஊராக அனுப்புகிறார்கள். நன்னிலம் பக்கம் குறுவை நாற்றங்காலில் நின்றவரிடம் நோட்டீஸை நீட்டினேன். சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"நீ என்னம்மா படிக்கிற?"

"லைப்ரரி சயின்ஸுங்க."

"படிச்சா இந்த வேலதான் குடுப்பாங்களா?"

"இல்லீங்க, லைப்ரரியில புக்கு எடுத்துக் குடுக்குற வேல."

"அப்ப இப்ப அத யாரு பாக்குறா?"

அதற்கான பதில் நோட்டீஸில் அச்சிடப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் இதைத்தான் பேசினார்கள். நூலகர்களை ஆள் பிடிக்க அனுப்பக் கூடாது என்று எல்லாக் கல்லூரி நிர்வாகங்களுக்கும் மனு கொடுப்பதென்று ஒருமனதாக முடிவானது. பலமாகக் கை தட்டினோம். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சு வந்ததும் பாதிப் பேருக்குப் போன் வந்தது.

"பணிமூப்புப்படி போடலாம் சார்" என்றார் ஒருவர். எல்லோரிலும் மூத்தவர் தலைவர் வெங்கடேசன் சார்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"நாம நூலகருங்க. பெரியவங்க சின்னவங்கன்னு நமக்குக் கெடையாது. அகர வரிசைதான் நமக்கு நீதி. என்ன சொல்றீங்க?"

சபை நெகிழ்ந்துபோனது. பத்து நிமிஷத்தில் பட்டியலை அடித்து எடுத்து வந்தார்கள். வெங்கடேசன் சார் கடைசி. கலைவாணி மேடம் நீங்கள் சொன்ன அந்த இடத்தில், நடுவில். முதலில் அகிலா. நூலகத்தில் புத்தகப் பட்டியல் அட்டைகளை அடுக்கிய பெட்டிகளில் எல்லோரும் முதல் பெட்டியைத்தான் திறக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நீங்கள் வைத்த பெயர்.

"பயமா இருக்கு மேடம்" என்றேன். கலைவாணி மேடம் தரையைப் பார்த்தார். வெங்கடேசன் சார் தைரியம் சொன்னார்.

"ஒனக்கு என்னம்மா பயம்? வேல போயிடுமா? ஒனக்குத்தான் வேலையே இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வேலை இல்லைதான். சான்றிதழ் இருக்கிறதே, அதை யார் கொடுக்க வேண்டும்? எழுந்து வெளியே போய்விடலாம் என்றுகூடப் பார்த்தேன். அப்போதுதான் அந்த நாற்றங்கால்காரர் கேட்டது ஞாபகம் வந்தது. போட்டுவிட்டேன். உங்களுடையதைப் போலவே இடது பக்கம் சாய்ந்து விழுந்தது.

மறுநாளே மனு எங்கள் கல்லூரிக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து போன் அடித்தால் கல்லூரியிலிருந்தோ என்று ஓடுகிறேன். கேஸ் சிலிண்டர் புறப்பட்டுவிட்டது என்று வந்த செய்தியை மூன்று தடவை படித்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மனுக் கொடுத்த பிறகு உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா அப்பா? சோறு இறங்கியதா? நடுவில் போடு என்றீர்களே தவிர, போடாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லையே. அது ஏன்?

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்புங்கள்: அந்த ரோஜாவைத் திரும்ப வைக்க மாட்டேன்.

இந்த வரியை எழுதும்போது கலைவாணி மேடம் போனில் பேசினார். நூலகர்களை இனி ஆள் பிடிக்க அனுப்புவதில்லை என்று எங்கள் கல்லூரியில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. நாளை காலை ஒன்பது மணிக்கு நூலகத்தைத் திறக்கிறார்கள். என்னை வர வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லச் சொன்னார்களாம்.

உங்கள் மகள்,
அகிலா