என்ன மாறியது என்று எழுதாத பதிப்பு

6 ஜூலை 2008, ஞாயிறு
காலையிலிருந்து சாரல். கரண்ட் வருவதும் போவதுமாக. பல் வலி. நான் எழுதி இலவசமாகக் கொடுக்கிற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் புதுப் பதிப்பைப் போன மாதமே வெளியிட்டாயிற்று, கூடச் சேர்ந்து புரோகிராம் எழுதுகிற அருள் இன்னும் என்னை விடுவதாயில்லை. பெங்களூரிலிருந்து போன்: "ஏலே, என்னென்ன மாத்துனன்னு சேஞ்ச்லாக்னு ஒரு பைல் போட்டு எழுதி வையிலே. சும்மா குடுத்தா மட்டும் போதுமா?"
நான்: "புரோகிராம் கோடு பூராவும் நெட்டுலதான கெடக்கு. வேணுங்கிறவன் பாத்துக்கிறட்டும்."
எரிச்சல். இதற்கு எவன் சம்பளம் தருகிறான்?
வாங்க: வடுகபட்டிப் பூண்டு, மோடம் ஒயர், அம்மாவுக்கு மாத்திரை.

9 ஜூலை, புதன்
பேய்க்காற்று. உத்தமபாளையம் போனேன். ஜெயராணி அக்காவின் டி.டி.பி. கடை பூட்டு. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் என் மென்பொருளில்தான் அடிப்பார், கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். தை மாதம் பக்கவாதம், வலது கை விழுந்து தேறியவர். வைகாசிக் கடைசியில் கடையை மறுபடி திறந்த அன்று நானே போய்ப் புதுப் பதிப்பை ஏற்றிக் கொடுத்தேன். பெரிய உபகாரி!
பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்: "அந்தம்மா கடைய விட்டுட்டாக. கை முன்ன மாதிரி வரலையாம். பத்திரிகையில ஒரே தப்பு, பொண்ணு வீட்டுக்காரவுக வந்து சத்தம் போட்டுட்டாக." கெட்டுப்போன பத்திரிகை ஒன்றை எடுத்துக் காட்டினார். ழ வர வேண்டிய இடமெல்லாம் ற. ற வர வேண்டிய இடமெல்லாம் ழ.
அந்த இரண்டு கீயையும் இடம் மாற்றியது நான். சென்னையில் சிலர் கேட்டார்கள் என்று. வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரே ஒரு வரி.

10 ஜூலை
அருளிடம் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை.

13 ஜூலை, ஞாயிறு
அக்கா வீட்டுக்குப் போய், கீயை மாற்றியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இராமல், "ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனேக்கா" என்றேன்.
"மாறிருக்குன்னு தெரிஞ்சாத்தான தம்பி கேக்குறதுக்கு? நான் என் வெரலயில்ல திட்டி வஞ்சுக்கிட்டுருந்தேன்."
கடைக் கம்ப்யூட்டரைச் சின்னமனூரில் ஒருவருக்கு விற்றாயிற்று. கடையில் செல்போன் ரீசார்ஜ் வைக்க வேறு ஆள் வருகிறார்.
"அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சா?" திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாக்கா, ஆமாக்கா என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.
அவர் வீட்டுக்காரர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். "கெளம்புங்க தம்பி."