கவ்வாத்து வெட்டிய குறிஞ்சி

ஆவணி 14, வெள்ளி

மலை முழுவதும் குறிஞ்சி பூத்துவிட்டது. என் பொறுப்பில் இருக்கும் பூங்காவில் மட்டும் ஒரு பூ இல்லை. மலையேற முடியாதவர்களும் பார்க்கட்டும் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் முதலாளி துரை விதை கொண்டுவந்து போட்ட செடிகள். நாளைக் காலை அவரே பார்க்க வருகிறார்.

தோட்டக்காரர் மாயாண்டியைக் கூப்பிட்டு விசாரித்தேன். தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் செடிகளின் தலையை மட்டமாக அரிந்து கவ்வாத்து வெட்டியவர். குறிஞ்சியையும் மேசைபோல ஒரே மட்டமாக வைத்திருந்தார்.

"ஆடியில மொட்டு வந்துச்சா?"

"வந்துச்சுய்யா. வர வர வெட்டிப்புட்டேன்."

"மொட்டை எதுக்கு வெட்டுனீங்க?"

"தேயிலை பூத்தா கங்காணி ஏசுவாருய்யா. செடியைச் சரியாப் பாக்கலன்னு அர்த்தம்."

கோபம் வந்தது. சத்தம் போட வாய் வரவில்லை. போன மாதம் அந்த மட்டத்தைப் பார்த்து, எல்லாத் தோட்டக்காரர்கள் முன்னாலும் அவரை மெச்சிப் பேசியவன் நான். வெட்டி விழுந்தது என்னவென்று குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், சித்தூர் வயல்காட்டிலிருந்து வந்த எனக்குக் குறிஞ்சி மொட்டு எப்படி இருக்கும் என்று தெரியாது.

இனி அந்தச் செடிகளில் கத்தி வைக்க வேண்டாம் என்றேன்.

"எம்புட்டு நாளைக்கிய்யா?"

இந்த முறை தவறியது அடுத்து எப்போது பூக்குமோ. பன்னிரண்டு வருடம் என்று சொல்லிவைத்தேன்.

கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அதுவரைக்கும் எனக்கு என்னய்யா சோலி?"

இத்தனை வருடமாக எனக்கு என்ன வேலை என்று நாளை துரை கேட்பார்.